புதிய நாட்டில் வேலையும் ஊரும்: நோர்வேக்குப் போனவர்கள் காட்டிய வழி

ஊர்காவற்றுறைக் கரையில் நின்று பார்த்தால் நடுக்கடலில் கடற்கோட்டை தெரியும். அதற்கப்பால் காரைநகர். 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அக்கரை. அந்தக் காரைநகரில்தான் 1960களின் பிற்பகுதியில் சீநோர் படகு கட்டும் தளம் எழுந்தது. அதற்கு வழிவகுத்தவர் அன்ரனி இராஜேந்திரம். 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே போய், அங்கே மீன்பிடித் தொழிலைப் படித்து, நோர்வே நண்பர்களின் உதவியோடு அந்தத் தொழில்நுட்பத்தை நம் கடலுக்குக் கொண்டுவந்தவர். நோர்வேயில் குடியேறிய முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அவர் போன தடத்திலேயே பிறகு மற்றவர்களும் போனார்கள்.

யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து வெளிநாடு போகப்போகிறவருக்கும், போய்ச் சில மாதங்களே ஆனவருக்கும் இந்தக் கட்டுரை. சுவிஸ், பிரான்ஸ், கனடா பற்றியும் இடையிடையே சொல்வேன். ஆனால் நோர்வேயைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். வேலையில் காலூன்றுவது ஒன்று, ஊரில் காலூன்றுவது இன்னொன்று என்பதை நோர்வேத் தமிழரின் வரலாறு போலத் தெளிவாக வேறெதுவும் காட்டுவதில்லை.

நோர்வே 1975இல் வெளிநாட்டுத் தொழிலாளர் வருகையைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. மாணவர்களுக்கு வாசல் திறந்திருந்தது. இராஜேந்திரம் ஏற்படுத்திய தொடர்புகளின் வழியே யாழ்ப்பாண இளைஞர்கள் 'மக்கள் உயர்பள்ளி' என்ற கல்விக்கூடங்களுக்குப் போனார்கள். அங்கே பரீட்சை கிடையாது. மாணவர்கள் ஒரு வருடம் அங்கேயே தங்கி, உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து சமைத்து, பாடி, மொழியைப் பழகுவார்கள். வேலைக்குப் போகும் முன்பே மொழியும் நாட்டுப் பழக்கமும் கைவந்துவிட்டன என்பதே அந்த முதல் கூட்டத்தாருக்கு வாய்த்த பெரிய நன்மை. 1983க்குப் பிறகு வந்த பலருக்கு அந்த ஒரு வருட அவகாசம் கிடைக்கவில்லை. அவர்கள் போரிலிருந்து தப்பி வந்தவர்கள். வந்ததும் உழைக்க வேண்டியிருந்தது.

உழைக்க இடம் கிடைத்தது நாட்டின் வடகோடியில். பின்மார்க் மாகாணக் கரையோரக் கிராமங்களில் மீன் பதப்படுத்தும் ஆலைகள் ஆளில்லாமல் தவித்தன. உள்ளூர் இளையோர் படிக்கவும் நகரத்தில் வேலை பார்க்கவும் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். கொட்மீனை வெட்டி, முள் எடுத்து, பெட்டியில் அடுக்கும் வேலை. குளிர்ந்த ஆலைக்குள் ரப்பர் சப்பாத்தோடு நாள் முழுக்க நிற்க வேண்டும். அந்த வேலையைத் தமிழர்கள் எடுத்தார்கள். ஒருவர் போய், தம்பிக்கு எழுதி, தம்பி நண்பனைக் கூப்பிட்டு, சில வருடங்களில் அந்தக் கிராமங்களில் குறிப்பிடத்தக்க தொகையான தமிழர் சேர்ந்தனர். வேலைக்கு லீவு போடாத ஆட்கள் என்று ஆலை முதலாளிகள் விரும்பினார்கள். கிராமத்தவரும் நன்றாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

வேலை நிரந்தரம், சம்பளம் நேர்மையானது, வீட்டு வாடகை குறைவு, அயலவர் நல்லவர்கள். இத்தனை இருந்தும் அவர்களில் மிகப் பலர் பின்னாளில் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி வேண்டும், கோயில் வேண்டும், கல்யாணம் பேச நாலு குடும்பம் வேண்டும், பொழுதுபட்டால் தமிழில் கதைக்க ஆள் வேண்டும். நல்ல வேலை இருந்தும் நல்ல வாழ்க்கை கைகூடவில்லை என்று அவர்கள் உணர்ந்ததில் எந்தப் பிழையும் இல்லை. புதிதாகப் போகிறவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், முதல் வருடத்திலிருந்தே இரண்டுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கலாம்.

முதலில் வேலை.

எந்த நாட்டுக்குப் போனாலும் வேலைக்கு முன் கடதாசிகள்தான். நோர்வேயில் ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவருக்கு 11 இலக்க அடையாள எண் கிடைக்கும். குறுகிய காலம் தங்குபவருக்கு வேறு வகை தற்காலிக எண். அந்த எண் இருந்தால்தான் வங்கிக் கணக்கு, கணக்கு இருந்தால்தான் இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் பேங்க்ஐடி. வரி அலுவலகம், வீட்டு ஒப்பந்தம், குடும்ப வைத்தியர் எல்லாமே அதன் வழியாகத்தான். வரி அட்டை எடுக்காமல் வேலை தொடங்கினால் முதலாளி சம்பளத்தில் 50 வீதத்தை வரியாகப் பிடித்துத்தான் தர வேண்டும். பின்னர் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவார்கள் என்றாலும் புதிதாக வந்தவருக்கு அந்த முதல் மாதங்கள் பெரும் கஷ்டம். விடுமுறைப் பணத்தையும் சொல்ல வேண்டும். நோர்வேயில் சென்ற வருடம் உழைத்த தொகையில் குறைந்தது 10.2 வீதம் இந்த வருட விடுமுறைக்காகக் கிடைக்கும். முதல் வருடம் லீவு எடுக்க உரிமை உண்டு, ஆனால் சேர்ந்த பணம் இராது. இதை யாரும் சொல்லாததால் முதல் கோடையில் கையில் காசில்லாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

நோர்வே முழுமைக்கும் பொதுவான ஒரே குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. ஆனால் மீன் பதப்படுத்தல், துப்புரவு, ஹோட்டலும் உணவகமும், கட்டடம் போன்ற சில துறைகளுக்கு மட்டும் சட்டப்படி கட்டாயமான அடிமட்டச் சம்பளம் உண்டு. நம்மவர் முதலில் நுழைவது இந்தத் துறைகளில்தான் என்பதால் அந்தத் தொகையைத் தொழில் கண்காணிப்பு அலுவலகத்தின் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். தொழிற்சங்கத்தில் சேருங்கள். அங்கே தொழிற்சங்கம் என்பது சண்டைக்குப் போகும் இடமாகப் பார்க்கப்படுவதில்லை. ஆலை முதலாளியே அதை வழமையான ஒன்றாக எடுத்துக்கொள்வார்.

முதல் வேலையை ஊர்க்காரர் எடுத்துத் தருவார். இது நம்மிடம் உள்ள பெரும் பலம். கொழும்பிலும் காலியிலும் தீவகத்தார் கடை போட்ட காலத்திலிருந்தே பழகிய முறை இது: மாமன் கடையில் மருமகன் வந்து நின்று, தொழில் பழகி, பிறகு தன் கடையைத் திறப்பான். பாரிஸ் லாச்சப்பலில் இறங்கினாலும் சூரிச்சில் இறங்கினாலும் இதே முறைதான் வேலை செய்கிறது. ஒரு கிழமைக்குள் படுக்க இடமும், உணவகத்தில் கோப்பை கழுவும் வேலையும் கிடைத்துவிடும்.

ஆனால் அந்த வேலையிலேயே பத்து வருடம் நிற்பதுதான் ஆபத்து. ஊர்க்காரர் தரும் வேலை பல நேரம் கணக்கில் காட்டாமல் கையில் காசு தருவதாக இருக்கும். அவருக்கும் லாபம், உங்களுக்கும் வரியில்லை என்று தோன்றும். இழப்பு பிறகுதான் தெரியவரும். நோர்வேயில் நான்கு வாரம் பதிவான வேலை செய்த பின் நோய் வந்தால், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஒரு வருடம் வரை முழுச் சம்பளம் உண்டு. பதிவில்லாதவருக்கு ஒன்றும் இல்லை. பிரான்ஸில் விசா இல்லாதவர் ஆட்பற்றாக்குறையுள்ள தொழிலில் வேலை செய்து அனுமதி கேட்க 2024ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி திறந்தது. அதற்கு மூன்று வருடம் அந்நாட்டில் இருந்ததையும், கடைசி 24 மாதங்களில் குறைந்தது 12 மாதங்கள் வேலை செய்ததைச் சம்பளத் துண்டுகளாலும் காட்ட வேண்டும். கையில் காசு வாங்கியவரிடம் காட்ட என்ன இருக்கும்? ஒரு சம்பளத் துண்டையும் எறியாதீர்கள். ஓய்வூதியம் எடுக்கும் வயது வரை அவை தேவைப்படும்.

சுவிஸுக்குப் போகிறவருக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே மருத்துவக் காப்புறுதியை வந்து மூன்று மாதத்துக்குள் நீங்களே எடுக்க வேண்டும். அது சம்பளத்தில் பிடிக்கப்படாது, மாதாமாதம் பில் வரும். ஊருக்குக் காசு அனுப்பிவிட்டு அந்தப் பில்லைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தால், கடன் அறவிடும் அலுவலகத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிவிடும். வீடு வாடகைக்குக் கேட்கும்போது அந்தப் பதிவேட்டின் பிரதியைத்தான் முதலில் கேட்பார்கள்.

இனி வேலையிடத்தில் நடந்துகொள்ளும் விதம். வாத்தியாரை 'சேர்' என்று கூப்பிட்டு, அவர் கேட்டதற்கு எதிர்க்கேள்வி கேட்காமல் வளர்ந்தவர்கள் நாம். நோர்வேயில் முதலாளியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது அவமரியாதை இல்லை என்பதைப் பழகிக்கொள்ள நாளாகும். அதைவிட முக்கியம், விளங்காதபோது தலையாட்டாமல் இருப்பது. மரியாதைக்காக நாம் காட்டும் மௌனத்தை அவர்கள் 'விளங்கிவிட்டது' என்று எடுத்துக்கொள்வார்கள். வெட்டும் இயந்திரமும் கூரிய கத்தியும் ஓடும் ஆலையில் அந்த ஒரு தலையாட்டல் விரலை வாங்கிவிடும். விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்பவரை அங்கே யாரும் மட்டமாக நினைப்பதில்லை. பிழை நடந்தால் உடனே சொல்வதும், வரமுடியாத நாளில் வேலை தொடங்கும் முன் அறிவிப்பதும் உழைப்புக்குச் சமமான மதிப்பைப் பெற்றுத் தருகின்றன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தமிழர்கள் தனி மேசையில் கூடிவிடுவது இயல்பு. கிழமையில் இரண்டு நாளாவது மற்ற மேசையில் போய் இருங்கள். அடுத்த பொறுப்புக்கு யாரைப் போடலாம் என்ற பேச்சு அந்த மேசைகளில்தான் தொடங்குகிறது.

ஊரில் படித்த படிப்பை வீணாக்காதீர்கள். நோர்வேயில் வெளிநாட்டு உயர்கல்விச் சான்றிதழை மதிப்பிட்டு ஏற்கும் அரச அலுவலகம் உண்டு, அதற்குக் கட்டணம் இல்லை. பட்டம் இல்லாவிட்டாலும், ஒரு தொழிலில் ஐந்து வருட முழுநேர அனுபவம் இருந்தால் தொழில்பயிற்சிக் காலம் இல்லாமலே அந்தத் தொழிலுக்கான பரீட்சையில் நேரே அமரலாம். சமையலறையிலும் ஆலையிலும் இருபது வருடம் நின்ற எத்தனையோ பேர் இந்த வழி தெரியாமல் சான்றிதழ் இல்லாத தொழிலாளராகவே ஓய்வு பெற்றிருக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. கனடாவில் 'கனேடிய அனுபவம்' என்ற சொல்லே நம்மவரை எத்தனை காலம் வாசலில் நிறுத்தியது! விளம்பரத்தில் அப்படிக் கேட்பதை ஒன்ராறியோ மாகாணம் 2026 ஜனவரி 1 முதல், சிறு நிறுவனங்கள் தவிர்ந்த மற்ற நிறுவனங்களுக்குத் தடை செய்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் திறப்பு மொழிதான். நோர்வேக்காரர் நன்றாக ஆங்கிலம் பேசுவார்கள். நீங்கள் தடுமாறினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அந்த உதவியைப் பணிவோடு மறுத்து, நோர்வேஜிய மொழியிலேயே தொடரச் சொல்லுங்கள். 2022 ஒக்ரோபரிலிருந்து அங்கே குடியுரிமைக்குப் பேச்சுத்திறன் ஐரோப்பிய மொழி அளவுகோலின் பி1 நிலையில் வேண்டும், முன்பு ஏ2 போதுமாயிருந்தது. பிரான்ஸும் 2026 ஜனவரியிலிருந்து பத்து வருட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று உயர்த்திவிட்டது. சுவிஸில் குடியுரிமைக்குப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2. ஒவ்வொரு நாட்டிலும் வாசற்படி உயர்ந்துகொண்டே போகிறது. வகுப்பு இலவசமா, காசு கட்டவேண்டுமா என்பது நீங்கள் எந்த விசாவில் வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. வந்த முதல் மாதமே நகரசபையில் கேளுங்கள்.

இங்கே பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணவர் முதலில் போய் மொழி பழகிவிடுவார். மனைவி சில வருடம் கழித்து வந்து, பிள்ளை பெற்று, வீட்டோடு இருந்துவிடுவார். பத்து வருடம் கழித்தும் வைத்தியரிடம் போக மூத்த பிள்ளையைக் கூட்டிப்போவார். தன் தாயின் உடல் வருத்தத்தைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பது யாருக்கும் நல்லதல்ல. நோர்வேயில் 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம் அரச சேவைகளில் பிள்ளைகளை அப்படிப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. மனைவியை மொழி வகுப்புக்கு அனுப்புவதைக் கணவர்கள் வேலை எடுப்பதற்குச் சமமான அவசரமாகக் கருத வேண்டும். வகுப்புக்குப் போகும் நேரம் பிள்ளையை வைத்திருக்க ஒரு வயதிலிருந்தே சிறுவர் பள்ளி உண்டு. பிள்ளையை அங்கே விட்டால் தமிழ் மறந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். வீட்டில் தமிழ் கதைத்தால் தமிழ் நிற்கும்.

பிள்ளைகளை அடிப்பது நோர்வேயில் 1987 முதல் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. பூவரசங் கம்பால் அடிவாங்கி வளர்ந்த தலைமுறைக்கு இது விளங்கக் கடினம். சிறுவர் நலன் அலுவலகம் வீட்டுக்கு வரும் நிலை வந்த பிறகு விளங்கிப் பயனில்லை. முதல் நாளிலிருந்தே கையை அடக்குங்கள்.

இனி ஊரும் உறவும். நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போக முன்னறிவிப்பு வேண்டாம். படலையைத் திறந்து கூப்பிட்டால் போதும். நோர்வேயில் அயலவர் வருடக்கணக்காகத் தலையசைத்து மட்டும் போவார். அவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவது மிக எளிது, மிகத் தவறும்கூட. அந்நாட்டில் நட்பு தெருவில் தொடங்குவதில்லை, சேர்ந்து செய்யும் வேலையில் தொடங்குகிறது. டுக்னாட் என்று ஒரு வழக்கம் இருக்கிறது: குடியிருப்பில் உள்ள எல்லோரும் ஒரு நாள் கூடி முற்றம் துப்புரவாக்குவது, வேலிக்கு வர்ணம் பூசுவது, பிள்ளைகளின் கால்பந்துக் கழகத்துக்காகக் கேக் விற்பது. நம் சிரமதானத்தை ஒத்தது. கோயில் வீதி கூட்டியும் பள்ளிக்கூடக் கிணறு இறைத்தும் பழகிய தீவகத்தாருக்கு இதைவிட எளிதான வாசல் வேறில்லை. மொழி அரைகுறையாக இருந்தாலும் கையில் விளக்குமாறு இருந்தால் போதும். அறிவித்தல் பலகையில் அந்த நாள் போட்டிருந்தால் தவறாமல் போங்கள். போகாதவரின் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோரும் கவனித்திருப்பார்கள். பள்ளிப் பெற்றோர் கூட்டம், மே 17 தேசிய நாள் பிள்ளைகள் ஊர்வலம், இவற்றுக்கும் இதே கணக்கு.

தேவாலயமும் ஒரு நல்ல சந்திப்பிடம். ஊர்காவற்றுறையில் கத்தோலிக்கர் நிறைய. நோர்வேயில் கத்தோலிக்கம் சிறுபான்மை மதம் என்பதால் ஞாயிறு பூசையில் போலந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ் மக்களோடு ஒரே வாங்கில் இருக்க நேரும். எல்லோரும் வந்தவர்கள், எல்லோரும் அரைகுறை மொழி. கூச்சம் தானாகப் போய்விடும்.

நம் சொந்த அமைப்புகளை விட்டுவிடச் சொல்லவில்லை. ஊர்ச் சங்கம், தமிழ்ப் பள்ளி, கோயில் திருவிழா இவை இல்லாமல் வடக்கின் குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம். பின்மார்க்கில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. மனம் சோரும், தூக்கம் கெடும், நம் உடலில் விற்றமின் டி குறையும். உள்ளூர்வாசிகள் தினமும் ஒரு கரண்டி மீனெண்ணெய் குடிப்பதும் மதிய மங்கல் வெளிச்சத்தில் நடக்கப் போவதும் இதனால்தான். நீங்களும் செய்யுங்கள். சோர்வு நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆனால் நம் கூட்டத்துக்குள் இருக்கும் சுமைகளையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். சாமத்திய வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் மண்டபம் எடுத்து, அயலவர் செய்ததைவிட ஒரு படி கூடச் செய்யவேண்டும் என்ற போட்டியில் சேமிப்புப் போகிறது. சீட்டுக் கட்டி, ஒருவர் காசோடு மாயமானால் அதைத் திரும்பப் பெறுவது கடினம். கல்யாணப் பேச்சில் சாதி இன்னும் கேட்கப்படுகிறது. ஊரில் கடலோரத்தில் எந்தத் தொழில் செய்த குடும்பம் என்று, அதே மீனை வெட்டிப் பிழைத்த நாட்டில் நின்று விசாரிப்பது அநியாயம். இதைப் பிள்ளைகள் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

இரண்டு உலகிலும் கால் வைத்தவர்கள் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு ஒரு சாட்சி கம்சாயினி குணரட்ணம். 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் நோர்வே போனவர். இளைஞர் அரசியலில் சேர்ந்து, 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவருடைய பாதை அந்நாட்டுப் பொது அமைப்பு ஒன்றுக்குள் இளவயதிலேயே நுழைந்ததில் தொடங்கியது.

அன்ரனி இராஜேந்திரம் காலத்து மாணவர் வழி இன்று முன்போல எளிதல்ல. 2023 இலையுதிர்காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் மாணவரிடம் நோர்வே அரச பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்குகின்றன. தஞ்சம் கேட்கும் வழியும் எல்லா நாடுகளிலும் ஒடுங்கிவிட்டது. ஆகவே போக எண்ணுகிறவர், லட்சக்கணக்கில் முகவருக்குக் கொடுக்கக் காணி ஈடு வைக்கும் முன், அந்த நாட்டின் தூதரகத் தளத்தில் தனக்கு எந்த விசா பொருந்தும் என்று தானே வாசிக்கட்டும். பிறப்பு, விவாகப் பதிவுகளையும் கல்விச் சான்றிதழ்களையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்து, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி வையுங்கள். அதற்குக் கொழும்பு போகத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. போகும் நாட்டின் மொழியை இன்றே கைபேசியில் தொடங்குங்கள். விசா வரும்வரை காத்திருக்கும் மாதங்கள்தான் அதற்கு வாய்க்கும் நல்ல நேரம்.